துணி நகருமா, மிஷின் நகருமா

எங்கள் வீட்டுக் கூடம் பதினொன்றே கால் அடி நீளம். போன வருடம் யாராவது கேட்டிருந்தால் "ஏதோ இருக்கும், நாலு பேர் படுக்கலாம்" என்று சொல்லியிருப்பேன். இப்போது அந்தக் கால் அடிக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் என்பதைச் சுவரில் உள்ள பென்சில் கோடுகள் சொல்லும். வெள்ளை அடித்தும் அவை போகவில்லை.

என் மனைவி பொந்த தைப்பவள். அவளுடைய அம்மா ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அந்தச் சொல்லும் தொழிலும் அவர் வழியாக வந்தவை. நாலைந்து பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுக் கட்டம், நட்சத்திரம் என்று ஏதாவது வேலைப்பாடு செய்ய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிட்டால் அது பொந்த. கடைக்காரர்கள் இதையே குவில்ட் என்று சொல்லிக் கண்ணாடிக்குள் மாட்டி வைப்பார்கள். எங்கள் கோட்டைக்குப்பத்தில் அதன்மேல் படுத்துக்கொள்வோம்.

ஒட்டுப் போடுவதில் சிரமம் இல்லை. அது கைக்குள் அடங்குகிற துணி. சிரமம் கடைசித் தையலில் வருகிறது. இரட்டைக் கட்டில் அளவுப் பொந்தயைச் சுருட்டினால் ஒரு ஆள் பருமனுக்கு வரும். சாதாரணத் தையல் மிஷினில் ஊசிக்கும் மிஷினின் உடம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. அந்த ஆளை அந்தச் சாணுக்குள் நுழைத்து, தள்ளி, இழுத்து, திருப்பித் தள்ளி, ஒவ்வொரு வரியாகத் தைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது தையல் வேலை மாதிரியே இருக்காது. படகைக் கரை ஏற்றுகிற மாதிரி இருக்கும். கரை ஏற்ற எட்டுப் பேர் வருவார்கள். இங்கே அவள் ஒருத்தி. பக்கத்தில் நாற்காலியில் நான் உட்கார்ந்து, படித்ததில் பிடித்த வரிகளை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன். அது ஒத்தாசை என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன்.

வலது தோள் போய்விட்டது. பொன்னேரி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"இனிமே துணியைத் தள்ளாதீங்கம்மா. இப்படியே தள்ளிக்கிட்டிருந்தா இந்தக் கை நிரந்தரமா இங்கேயே நின்னுடும்."

"தைக்கலாமா?" என்று கேட்டாள்.

"தைக்கலாம். தள்ளக் கூடாது."

நீந்தலாம், நனையக் கூடாது என்று சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை அவளிடம் நகைச்சுவையாகச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரணம் இருந்தது. பசியாவரத்தில் இருக்கும் அவளுடைய அக்காவின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கட்டில், பீரோ எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது சித்தியின் கையால் ஒரு பெரிய பொந்தயும் போகும் என்று இவள் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தாள். மேல் துணி ஒட்டுப் போட்டுத் தயார். கடைசித் தையல் மட்டும் பாக்கி. தோள் விஷயம் தெரிந்ததும் அக்கா படகில் வந்து, மேல் துணியைத் தடவிப் பார்த்து, மிகுந்த பிரியத்தோடு ஒரு வார்த்தை சொன்னாள்.

"முடியலன்னா வுட்டுடுடி. மெட்ராசுல மெத்தைக் கடையில ஒண்ணு வாங்கிக்கலாம். கொழந்தைக்கு இன்னா தெரியப் போவுது?"

என் மனைவி இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேல் துணியை மடித்துத் தையல் மிஷின்மேல் வைத்து, எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியால் போர்த்தினாள்.

"இது முடிஞ்சா பாப்பேன். இல்லாங்காட்டி மிஷின யாருக்காச்சும் குடுத்துடலாம். ஊசிய இனி தொட மாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். எங்கள் வீட்டில் மீன் குழம்பில் தேங்காய் போடுவதை அவள் ஒரு நாள் நிறுத்தினாள், இன்றுவரை போட்டதில்லை.

அந்த வாரமே அவள் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். வெளிநாட்டில் ஒரு பெண்மணி நின்றுகொண்டே பொந்த தைக்கிறாள். ஒரு நீளமான சட்டம். அதன் இரண்டு உருளைகளுக்கு நடுவே துணி விரித்துக் கட்டியிருக்கிறது. சட்டத்தின்மேல் சக்கரம் வைத்த மிஷின் ஒன்று, யானைத் தும்பிக்கை மாதிரி கையை நீட்டிக்கொண்டு, அவள் இழுத்த பக்கம் எல்லாம் போகிறது. அவளுக்குத் தோளே இல்லாத மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"இந்த மாதிரி ஒண்ணு, நம்ம கைக்கு அடக்கமா, வூட்டுல வெக்கிற மாதிரி கெடைக்குமா பாரு. நீதான் படிச்சவனாச்சே."

கடைசி வாக்கியம் என் பலவீனம். யார் சொன்னாலும் விழுந்துவிடுவேன்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். அப்போது கோடை விடுமுறை. எந்த விஷயத்தையும் வேரிலிருந்து ஆராய்வது என் வழக்கம், ஆகவே பெரும்பாலும் வேரோடு நின்றுவிடுவேன். பழவேற்காட்டுக்கு நடந்து போய் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து, முதல் பக்கத்தில் 'நீளக்கை மிஷின்: ஓர் ஒப்பாய்வு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். இரண்டு கோடு.

மூன்று வாரம் காட்சிகளாகப் பார்த்தேன். அந்தப் பெண்மணிகள் எல்லோரிடமும் தைப்பதற்கென்றே தனி நிலவறை இருந்தது. அதில் எங்கள் வீடு, மனைவியின் தம்பி வீடு இரண்டையும் வைத்து, நடுவில் ஒரு ஃபைபர் படகையும் நிறுத்தலாம். ஆனாலும் நிறையக் கற்றுக்கொண்டேன். கையின் நீளம் எவ்வளவு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பக் கூடாது. துணி சுருளச் சுருள அந்தச் சுருளே பாதி இடத்தைச் சாப்பிட்டுவிடும். வேகம் முக்கியமில்லை. நாம் மெதுவாக நகர்த்தினாலும் வேகமாக நகர்த்தினாலும் தையல் ஒரே அளவில் விழும்படி பார்த்துக்கொள்கிற ரெகுலேட்டர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் ஓர் இடத்தில் அரிசி மாதிரியும் ஓர் இடத்தில் இறால் மாதிரியும் தையல் விழும். பாபின் பெரிதாக இருந்தால் அடிக்கடி நூல் மாற்ற வேண்டாம். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், மின்சாரம் ஏறி இறங்கினால் என்ன ஆகும், உப்புக் காற்றில் எது துருப்பிடிக்கும். இப்படி நாற்பது கேள்விகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். வாத்தியார் புத்தி.

மனைவியின் தம்பி, என் மச்சான், அப்போது வேலையில்லாமல் இருந்தான். அவனுடைய படகு எஞ்சின் பழுது பார்க்கப் போயிருந்தது. தினமும் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று நோட்டைப் பார்ப்பான்.

"மாமா, ஒரு வல வாங்கறதுன்னா நாங்க இன்னா கேப்போம்? இன்னா மீனு, எந்த எடம், எத்தினி பேரு இழுக்கறது. மூணே கேள்வி. நீ இன்னாத்துக்கு நாப்பது எழுதி வெச்சிகீற?"

"இது வலை இல்லை மச்சான். இயந்திரம்."

"எத்தினி பேரு இழுக்கறதுன்னு எழுதிகீறியா?"

ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைப் புன்னகையால் கடந்துவிடுவார்கள். நானும் கடந்தேன்.

ஒரு மதியம் முடிவை அறிவித்தேன். மனைவி அடுப்பங்கரையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள், இடது கையால். நான் வாசல்படியில் நின்று, ரேங்க் கார்டு வாசிக்கிற தொனியில் வாசித்தேன். முதலிடம் பெற்ற மிஷினுக்குக் கை பதினாறு அங்குலம். பெரிய பாபின். நல்ல விளக்கு. மேஜையோடு சேர்ந்தே வருகிறது, ஆகவே பத்தடிச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு மூலையில் அடங்கிவிடும். விலையோ மற்றவற்றில் பாதி. மொத்தத்தில் நானூறுக்கு முந்நூற்று இருபத்தாறு.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 'மூலையில் அடங்கும்' என்பதற்கு நான் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். பத்தடிச் சட்டம் வந்தால் கூடத்தில் இருக்கும் என் புத்தக பீரோ வெளியே போக வேண்டும். அது நோட்டில் எங்கேயும் எழுதியிருக்காது. எல்லா மார்க்குக்கும் அடியில் அதுதான் இருந்தது.

அவள் நண்டுக்காலைக் கீழே வைத்தாள்.

"துணி நகருமா, மிஷின் நகருமா?"

நோட்டைப் புரட்டினேன். நாற்பது கேள்வியில் அது இல்லை. கைபேசியை எடுத்து அந்த மிஷினின் காட்சியை மறுபடி பார்த்தேன். ஒரு பெண்மணி மேஜைமுன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மிஷின் அசையவே இல்லை. 'உறுதியாக நிற்கிறது' என்று எழுதி அதற்கு எட்டு மார்க் கொடுத்திருந்தேன்.

"துணிதான் நகரும்," என்றேன். குரல் சன்னமாக வந்தது.

"அத்தத்தான்யா இத்தினி வருசமா பண்ணிகினு கீறேன். தோளு பின்ன எதுல போச்சி?"

நோட்டை மூடினேன்.

"நாப்பது கேள்வி எழுதினியே. அதுல என் தோளு எந்தப் பக்கத்துல கீது?"

சத்தம் போட்டிருந்தால் பதில் சத்தம் போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பின்னால் கூடத்தில் மச்சான் தொண்டையைச் செருமினான். அவன் அதோடு நிறுத்திக்கொண்டதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே கருணை.

மறுநாள் புதுப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியோடு ஆரம்பித்தேன். மிஷின் நகர வேண்டும். அதில் பாதிப் பேர் கழிந்தார்கள். அடுத்து, குட்டிச் சட்டங்கள். ஐந்தடியில் வருகிறது, விலையும் குறைவு. ஆனால் பெரிய பொந்தயை அதில் துண்டு துண்டாகத்தான் தைக்க முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் அவிழ்த்து, இழுத்து, மறுபடி கட்ட வேண்டும். மறுபடியும் இழுப்பு. அதையும் அடித்தேன். மிச்சமிருந்தவை துணியின் முழு அகலத்துக்கும் நிற்கிற பத்தடிச் சட்டங்கள். அவற்றின் விலையைப் பார்த்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கூடத்தை டேப்பால் அளந்தேன். பதினொன்றே கால். பத்தடிச் சட்டம் போக ஒன்றே கால் அடி. என் பீரோவின் ஆழம் ஒன்றரை அடி. கால் அடி உதைத்தது. சுவரில் கோடு போட்டு, வேறு இடத்தில் அளந்து, சாய்வாக அளந்து பார்த்தேன். மச்சான் டேப்பே இல்லாமல் கையை விரித்து இரண்டு முறை அளந்துவிட்டு, "பொஸ்தகம் கட்டிலுக்கு அடியில போவட்டும் மாமா" என்றான். போனது. இரண்டாயிரம் வருட சரித்திரம் இப்போது வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.

விலைப் பிரச்சினையை மனைவிதான் தீர்த்தாள். அவள் இருக்கும் ஏதோ தையல்காரிகள் குழுவில், சென்னையில் ஓர் அம்மாள் தன்னுடைய மிஷினைக் குறைந்த விலைக்கு விற்கப் போவதாகப் போட்டிருந்தார். இரண்டே முறை ஓட்டியது. ரெகுலேட்டர் உண்டு, சக்கர வண்டி உண்டு. மூவரும் பொன்னேரி போய் ரயில் ஏறினோம்.

அடுக்குமாடியில் ஏழாவது மாடி. அந்த அம்மாள் மிகுந்த ஆர்வத்தோடு ஆரம்பித்து, பாபின் மாற்றுவதற்குள்ளேயே அலுத்துப் போனவர். அவருடைய கணவர் என்னைப் பார்த்த பார்வையில், சிறையிலிருந்து விடுதலை ஆகிறவன் உள்ளே வருகிறவனைப் பார்க்கிற இரக்கம் இருந்தது. நாங்கள் பேசி முடிப்பதற்குள் மிஷினின் அட்டைப்பெட்டியை லிஃப்ட் வாசல்வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜைமேல் ஒரு முழத் தண்டவாளத்தை வைத்து மிஷினை ஏற்றிக் காட்டினார்கள். என் மனைவி கைப்பிடியை வலது கையால் பிடித்தாள். முழங்கை இடுப்போடு ஒட்டியே இருந்தது. மெதுவாகத் தள்ளினாள், போனது. இழுத்தாள், வந்தது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தபா," என்றாள். மறுபடி ஓட்டினாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "இது" என்றாள்.

மூன்று வாரமும் இருநூறு பக்கமும் செய்யாத தேர்வு ஒரு முழத்தில் முடிந்தது.

"சட்டம் எங்கம்மா?" என்று மச்சான் கேட்டான்.

அந்த அம்மாள் பால்கனியைக் காட்டினார். சட்டத்தின் குழாய்கள் அங்கே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டு, அவற்றில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. "அது ரொம்ப உபயோகமா இருக்கு" என்றார். தர மனமில்லை.

"வுடுக்கா, நான் கட்டித் தரேன். படகு ஓட்டையவே அடைக்கிறேன், இதுக்கு இன்னா?" என்றான் மச்சான். குட்டி யானை வண்டி ஒன்றில் மிஷினைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். என் மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில். நான் பின்னால் யாருடைய காலி மீன் கூடைகளோடோ.

இரும்புக் குழாய் வாங்கி, காலுக்குப் பற்றவைத்து, தண்டவாளத்துக்கு சறுக்கு ஜன்னலின் அலுமினியத்தை வைத்து, இரண்டே நாளில் மச்சான் சட்டத்தை நிறுத்திவிட்டான். அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. மிஷினை ஏற்றிக் கையை எடுத்தோம். அது தானாகவே, அவசரமில்லாமல், ஈசான மூலையைப் பார்த்துப் புறப்பட்டது. பிடித்து நடுவில் கொண்டுவந்து விட்டோம். மறுபடி ஈசான மூலை.

"நீவாடு கீது மாமா," என்றான் மச்சான். கடலில் ஓட்டம் இழுப்பதை அப்படித்தான் சொல்வார்கள். "வடக்கால இழுக்குது."

அந்தத் தரை மணலுக்குமேல் போட்டது. போடும்போது பக்கத்தில் நின்று மேஸ்திரிக்கு மட்டம் சொன்னவன் நான். பேச்சை மாற்றுவதற்காக டச்சுக்காரர்கள்கூட இந்தக் கரையில் துணி வாங்க வந்துதான் கோட்டை கட்டினார்கள், அதுவும் சாய்ந்துதான் போனது என்று விளக்கினேன். மச்சான் காதில் வாங்காமல் ஒரு ரப்பர் செருப்பைச் சீவி, துண்டு துண்டாகக் கால்களுக்கு அடியில் கொடுத்தான். நீவாடு நின்றது.

அடுத்த நாள் மனைவி பத்திரிகை வைக்கிற விஷயமாகப் பசியாவரம் போயிருந்தாள். அவள் வருவதற்குள் பொந்தயைச் சட்டத்தில் ஏற்றி அசத்திவிடுவது என்று நாங்கள் இருவரும் தீர்மானித்தோம். எங்களுக்குள் அனுபவசாலி மச்சான்தான். வாழ்நாள் முழுவதும் எதையாவது எதிலாவது கோத்துக் கட்டியவன். வலை முடிகிற ஊசியும் நைலான் கயிறுமாக உட்கார்ந்தான். நான் துணியைப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எட்டடித் துணி ஐந்தேகால் அடிக்குள் அடங்கி, மடிப்பு மடிப்பாக, மிக அழகாகத் தொங்கியது.

வலையைக் கயிற்றில் கோக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். மார் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்; மூன்று மார் வலையை இரண்டு மார் கயிற்றில் சுருக்கிக் கோத்தால்தான் தண்ணீருக்குள் கண்கள் திறந்துகொள்ளும். இறுக்கிக் கட்டின வலையில் மீன் முட்டிவிட்டுத் திரும்பிப் போகும். அவன் கை யோசிக்காமல் அதையே செய்துவிட்டது. நானும், ஏதோ நுட்பம் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டு பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

என் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள்.

"டேய், இன்னாடா இது?"

"துணி ஏத்திட்டோம்க்கா."

"இதுல இன்னா, எறா புடிக்கப் போறியா?"

"தளர வுட்டாத்தான்க்கா—"

"கல்யாணப் பொண்ணு இதும்மேல படுக்கணும்டா! மாட்டிக்கினு சாவறதுக்கா?"

எனக்கு இது பொன்னான சந்தர்ப்பம். நோட்டை எடுத்துவந்து, மேற்கோள் காட்டுகிற தோரணையில், துணி தளரவே கூடாது, முழு அகலமும் விரிந்து, மத்தளத் தோல் மாதிரி நிற்க வேண்டும் என்றேன். இதை எந்தக் காட்சியிலும் யாரும் சொல்லவில்லை; நானே ஊகித்து, எழுதி, பிறகு என் கையெழுத்திலேயே படித்து நம்பிவிட்டேன். மூவருமாக அவிழ்த்து, முழு அகலத்துக்குப் பரப்பிக் குத்தினோம். உருளைகளை ஸ்பானர் போட்டு முறுக்கச் சொன்னேன். "போதும் மாமா, கொழா வளையுது" என்றான் மச்சான். இன்னொரு சுற்று என்றேன். துணியைச் சுண்டினால் டம் என்றது. கொஞ்சம் தாளம்கூடப் போட்டுக் காட்டினேன்.

மனைவி விசையைப் போட்டாள். ஒரு சாண் தூரம் தைத்தது. நூல் அறுந்தது. கோத்தாள். இரண்டு விரல் தூரத்துக்கு ஒன்றுமே விழாமல் ஊசி சும்மா குத்திக்கொண்டு போனது. மறுபடி ஓட்டினாள், ஊசி ஒடிந்து எங்கேயோ தெறித்தது. மூன்று ஊசி இப்படிப் போயிற்று. நாலாவது ஊசி துணியில் சிக்கி மிஷின் நின்றுவிட, அவள் பழைய பழக்கத்தில் உடம்பைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஆ" என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. நானும் மச்சானும் இரண்டு பக்கமும் நின்றோம். கை வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"அக்கா சொன்னது மெய்தான்," என்றாள் யாரையும் பார்க்காமல். "முடியலன்னா வுட்டுடணும்."

"தளர வுடுன்னு நான் சொன்னேன்," என்றான் மச்சான் என்னிடம், தாழ்ந்த குரலில்.

"நீ மூன்று மாரை இரண்டு மார் ஆக்கினவன்," என்றேன் நான்.

"நீ மோளம் அடிச்சவன்."

"ரெண்டு பேரும் செத்த வாய மூடிகினு இருக்கீங்களா?" என்றாள் அவள். மூடினோம். வெளியே யாரோ படகுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மச்சான் போகவில்லை. அவள் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் துணியில் அவள் ஒட்டுப் போட்ட நட்சத்திரங்கள், என் முறுக்கில் முனைகள் கோணி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். இடது கையைத் துணிக்கு அடியில் கொடுத்து, ஒரு விரலால் மேலே குத்திப் பார்த்தாள். துணி அசையவில்லை. ஸ்பானரை எடுக்கச் சொல்லி மச்சானிடம் கண்ணைக் காட்டினாள். அவன் உருளையின் பல்சக்கரத்தை ஒரு பல் தளர்த்தினான். மறுபடி குத்தினாள்.

"இன்னும்."

இன்னொரு பல். விரல் முனை துணியில் லேசாக முட்டித் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு."

இப்போது கீழேயிருந்து குத்திய விரலை மேலேயிருந்து இன்னொரு கையால் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிந்தது. தொய்வு இல்லை, விறைப்பும் இல்லை. "நிறுத்து" என்றாள். நட்சத்திரங்கள் நேராகிவிட்டிருந்தன. இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று பின்னால் கேட்டேன். "யாரு சொல்லணும்? ஊசி மேல வரச்சே துணியும் கொஞ்சம் கூட வரணும்ல? நீ அத்தக் கட்டிப் போட்டா அது இன்னா பண்ணும்?" என்றாள். என் நோட்டில் நாற்பத்தொன்றாவது கேள்விக்கு இடம் இருந்தது.

புது ஊசி போட்டாள். முழங்கையை இடுப்போடு வைத்துக்கொண்டாள். மிஷின் போனது, சட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு வளைவும் ஒரு வளைவுமாக. திரும்பி வந்தது. நூல் அறுந்துபோகவில்லை, ஊசி ஒடியவில்லை. மச்சான் குனிந்து தையலைப் பார்த்தான். "அட, ஒரே அளவு" என்றான், நல்ல சுறாவைப் பார்த்த குரலில். அவள் அதற்குள் மூன்றாவது வரிக்குப் போய்விட்டிருந்தாள்.

பதினோரு நாள் ஆயிற்று முடிய. அந்தப் பதினோரு நாளும் கூடத்தைக் கடக்க வேண்டுமானால் நான் சட்டத்துக்கு அடியில் தவழ்ந்தேன். இந்த வயதில் தவழ்கிறவனைப் பார்க்கத் தெருவிலிருந்து ஆள் வந்தார்கள். சோறு வடித்தேன், குழைந்தது. நண்டை உடைக்கத் தெரியாமல் என் கட்டைவிரலை உடைத்துக்கொண்டேன். பாத்திரம் தேய்த்தேன். அவள் தோள் ஆற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வீட்டில் தையலைத் தவிர மற்ற எல்லா வேலையும் தோளுக்குக் கெடுதல் என்று மெல்ல மெல்லத் தெரியவந்தது. மச்சானின் எஞ்சின் நல்லபடியாகத் திரும்பி வந்து அவன் கடலுக்குப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து.

கடைசி நாள் அக்கா பசியாவரத்திலிருந்து வந்தாள். சட்டத்திலிருந்து இறக்கி, ஓரம் அடித்து, கட்டிலில் விரித்திருந்த பொந்தமேல் உள்ளங்கையை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரைக்கும் தடவினாள். மெத்தைக் கடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தடவி முடித்து, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடி, அவசரமில்ல" என்றாள்.

"குடு துணிய," என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே பொந்தயின் இரண்டு மூலைகளையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி உதறி மடித்தாள். இரண்டு கையும் மேலேதான் போயின. நான் அடுப்பங்கரை வாசலிலிருந்து, கையில் சாம்பலோடு, பார்த்தேன்.

அக்காவும் பார்த்திருக்க வேண்டும். "தோளு இப்ப எப்பிடிடி கீது?" என்று கேட்டாள்.

"எந்தத் தோளு?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டென்று கையை இறக்கினாள். என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பின்னால், முற்றத்தில், குழம்புச் சட்டியும் சோற்றுப் பானையும் இன்னும் ஐந்தாறும் கவிழ்ந்து கிடந்தன. அவற்றையும் பார்த்தாள்.

"வலிக்குதுக்கா," என்றாள். "ஒரு பாத்திரம் தேய்க்க முடியல."